கொடுமுடி சுந்தராம்பாள் பூண்ட கோலம்

நடிகை ஒருவரின் வாழ்க்கை கல்லூரி மலரொன்றிற் கட்டுரைப் பொருளாகத் தகுமோ என ஐயுறுவார் நம்மிடையே இன்றும் உளர். மன்னர், புலவர், சமயாசாரியர் ஆகியோர் வரலாறே வரலாறு எனக் கருதும் பழக்கம் எளிதிற் போவதன்று. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே தமிழ் மக்கள் எதனை விரும்பிக் கேட்டனர், எதற்காகக் கண்ணீர் விட்டனர், யாரைப் போற்றிக்கொண்டே வீட்டு வாயிலுக்கு வெளியே நிறுத்தினர் என்பவற்றை அறிய விழைவோர், நாடக மேடையையும் அதன் வழித்தோன்றலாகிய திரைப்படத்தையும் புறக்கணித்தல் இயலாது. அம்மேடையில் நின்ற பெண்களுள் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்க்கை ஒரு வினாவை எழுப்புகின்றது. 1933 ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில் இருந்த அவர் வெள்ளைச் சேலை உடுத்து, அணிகலன் களைந்து, இனி எந்த ஆடவனோடும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். இதற்குக் காரணம் என்னை? பதிபக்தி என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அவ்விடை பொய்யன்று, போதாது.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, மூவர் தேவாரமும் பெற்ற திருத்தலம். அக்காலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1908 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். அம்மையாரின் பெயருக்கு முன்னுள்ள இரண்டெழுத்துகளில் முதலாவது ஊரையும் இரண்டாவது தாயையும் குறிப்பன. தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்திலே தாய் பெயர் நிற்பது தற்செயலன்று. ஆண்துணையின்றிப் பிள்ளைகளை வளர்த்த தாயொருத்தியின் வறுமை அவ்வெழுத்திலே பொதிந்திருக்கின்றது. சிறுமியாயிருந்தபோது ரயில் வண்டியிற் பாடியதைக் கேட்ட அதிகாரி ஒருவர் அவரை நாடகக் கம்பனியிற் சேர்ப்பித்தார் என்று கூறுவர். வேலு நாயர் கம்பனியிலே ‘நல்லதங்காள்’ நாடகத்தில் அவர் முதன்முதலாகத் தாங்கிய வேடம் ஓர் ஆண்குழந்தையின் வேடம். பின்னாளில் நிகழ்ந்ததை எண்ணும்போது இச்சிறு செய்தி மனத்திற் கொள்ளத்தக்கது.

அக்காலத்து மேடையின் இயல்பை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் அரிது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் ஆக்கிய இசை நாடகங்கள் தமிழகம் எங்கணும் ஒரே கதையாகவும் ஏறக்குறைய ஒரே பாடலாகவும் வழங்கின. ஆகையால், ஒருவரையொருவர் முன்பின் அறியாத நடிகர்கள் ஓரிரவுக்கு மட்டும் ஓரூரிற் கூடி, ஒத்திகையின்றியே ‘வள்ளி திருமணம்’ நடத்தல் கூடுமாயிற்று. இவை ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்பட்டன. வேலனும் வள்ளியும் மேடையிற் காதல் புரிவது கதை. உண்மையில் நிகழ்வது இரு பாடகர்களின் போர். ஒலிபெருக்கி இல்லை. ஹார்மோனியத்தின் உச்ச சுருதிக்கு மேலெழுந்து, கொட்டகையின் கடைசிப் பாயில் அமர்ந்திருப்பவன் செவியையும் எட்டவல்ல குரலே வென்றது. சுந்தராம்பாளுக்கு அத்தகைய குரல் வாய்த்திருந்தது. வெண்கல மணியை ஒத்த அக்குரலில் மென்மையினும் உறுதியே மிகுதி. சொல் சிதையாது, எழுத்தெழுத்தாக வந்து விழும்.

இந்த இசைப்போர் இலங்கையையும் தன் களமாகக் கொண்டிருந்தது. 1914 ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின், சென்னையிற் புறப்பட்டவர் ரயிலும் கப்பலும் மாறிக் கொழும்பை அடைதல் எளிதாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அவ்வழி நீடித்தது. கொழும்பிலே தமிழ் வணிகர் பலர் இருந்தனர். கையிற் பணமும் மாலைப்பொழுதும் அவர்களுக்கு உண்டு. தென்னிந்திய நாடகக் குழுக்களுக்குக் கொழும்பு ஒரு பொன்விளையும் பூமி. யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளுக்கும் அக்குழுக்கள் வந்தன. அவற்றைக் கண்டே நம்மவர் தாமும் இசை நாடகம் பயின்றனர் என்பதும், பின்னர்க் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) போன்றோர் ‘மயான காண்டம்’ முதலிய நாடகங்களை ஊரூராக நடித்து அக்கலையை நமதாக்கினர் என்பதும் யாவரும் அறிந்தனவே. ஆயின் ஒரு வேறுபாடு. நம் நாட்டிலே அந்நாடகங்களின் பெண்வேடங்களைப் பெரும்பாலும் ஆடவரே தாங்கினர். கடல்கடந்து வந்த பெண்ணின் பாட்டை விடிய விடியக் கேட்ட குடும்பங்கள், தம் வீட்டுப் பெண் மேடை ஏறுவதைக் கனவிலும் எண்ணவில்லை. கோயில்களிலே சின்னமேளம் ஆடுவதைக் கண்டித்த நாவலர் பெருமானின் குரல் இந்நாட்டிற் படித்தோர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. நாவலர் கண்டித்தது கோயிலொழுக்கம் கெடுவதை. நாளடைவில் நம்மவர் அதனைப் பாடும் பெண் எவளையும் ஐயுறுவதற்குரிய நியாயமாக்கிக்கொண்டனர்.

1926 ஆம் ஆண்டளவிற் கொழும்பு மேடையிலே சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முறை ஒன்றாகத் தோன்றினர். 1906 இற் பிறந்த கிட்டப்பா குழந்தைப் பருவம் முதலே மேடைகண்ட பாடகர். தேவகானம் என்று மக்கள் புகழ்ந்த குரலினர். இருவரையும் எதிரெதிர் நிறுத்தினால் யார் யாரை விஞ்சுவார் எனக் காணும் ஆவலே சபையை நிறைத்தது. போட்டியாகத் தொடங்கியது நட்பாகி, நட்புக் காதலாயிற்று. 1927 இல் மாயவரம் மயூரநாதர் கோயிலில் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர்.

வரலாற்று மாணவன் நின்று நோக்க வேண்டிய இடம் இது. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். அக்காலத்து இந்துச் சட்டம் ஆடவன் மறுமணம் புரிவதைத் தடுக்கவில்லை. சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்தது 1949 இலேதான். எனவே இரண்டாம் மணம் என்பதனால் மட்டும் அது சட்டவிரோதமாகாது. ஆயின் கிட்டப்பா அந்தணர். சுந்தராம்பாள் வேறு சமூகத்தவர். சாதி கடந்த இந்து மணங்கள் யாவும் செல்லும் என ஐயத்துக்கிடமின்றிச் சொன்ன இந்தியச் சட்டமும் அதே 1949 இலேதான் பிறந்தது. கோயிலிலே நிகழ்ந்த மணத்தை நடிகையோடு கொண்ட தொடர்பு என்று ஊர் பேசுவதற்கு வேறென்ன வேண்டும்? பிறந்த ஆண்மகவும் சில நாள்களில் இறந்தது. கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. அவற்றில் அன்பும் உண்டு, ஆற்றாமையும் உண்டு. தன்னை விட்டுப் பிரிந்திருக்கும் கணவனோடு, மனைவி என்ற உரிமையிலே வாதாடும் பெண்ணொருத்தியை அவற்றிற் காண்கிறோம். அவ்வுரிமையைப் பிறர் ஏற்றிருந்தால் அத்துணை வாதாட வேண்டியிராது.

கிட்டப்பா நோயுற்று 1933 டிசெம்பர் 2 ஆம் நாள் காலமானார். அவருக்கு வயது இருபத்தேழு. அப்போதுதான் சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தார்.

கைம்மைக் கோலம் மனைவிக்குரியது. மனைவியல்லாதாள் அதனைப் பூணுதல் வழக்கமன்று. கணவன் வாழ்ந்த காலத்திலே தயங்கித் தயங்கி ஊர் அளித்த மனைவி என்னும் பெயரை, அவன் இறந்தபின் இவர் தாமே எடுத்துக்கொண்டார். இனி எவராலும் அதனைப் பறித்தல் இயலாது. வெள்ளைச் சேலையோடு ஒருவர் நாற்பத்தேழு ஆண்டு ஊரறிய வாழும்போது, ‘இவர் யார்?’ என்னும் வினாவுக்கு ‘கிட்டப்பாவின் மனைவி’ என்பதன்றி வேறு விடை இல்லை. சட்டம் எழுதித் தராத சான்றிதழை அவர் தம் உடம்பின்மேலே எழுதிக்கொண்டார் எனின் மிகையாகாது. துயரம் இதனாற் சிறுமையுறாது. துயரத்துக்குள்ளும் அறிவு தொழிற்படும் என்பதே யாம் கூற வருவது.

ஆங்கில மேடையிலும் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு வாழ்க்கை உண்டு. எலன் ரெரி (1847–1928) என்பார் பதினாறு வயதிலே ஓவியர் ஒருவரை மணந்து பிரிந்து, பின்னர்க் கட்டடக் கலைஞர் ஒருவருடன் மணமின்றி வாழ்ந்து இரு மக்களைப் பெற்றார். கண்ணியமான இல்லங்கள் அவருக்குக் கதவடைத்தன. அக்கதவுகள் மீண்டும் திறக்கவேண்டி அவர் வேறொருவரை மணக்க நேர்ந்தது. முடிவில் 1925 இலே அரசு அவருக்கு உயர்ந்த பட்டமும் அளித்தது. அங்கே மறுமணம் எதனைப் பெற்றுத் தந்ததோ, அதனை இங்கே கைம்மை பெற்றுத் தந்தது. கருவி வேறு, அடைத்த கதவு ஒன்றே.

சில காலம் அம்மையார் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். தேசிய இயக்கத்தின் தொடர்பு அவருக்கு முன்னரே உண்டு. கதர் உடுத்தவர், காந்தியடிகளைப் பாடியவர். பேச்சு வல்லுநர் எஸ். சத்தியமூர்த்தி முதலியோர் அவரை மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்தனர். அந்நிலையிலே அசன்தாஸ் என்னும் படமுதலாளி ‘நந்தனார்’ கதையைத் திரைப்படமாக்க விரும்பி அவரை அணுகினார். ஒரு லட்சம் ரூபா கேட்டால் வந்தவர் போய்விடுவார் என எண்ணி அம்மையார் அத்தொகையைக் கூற, அசன்தாஸ் உடன்பட்டுவிட்டாராம். 1935 இல் அப்படம் வெளிவந்தது. தமிழ்ப் பேசும்படம் பிறந்து (1931, ‘காளிதாஸ்’) நான்காண்டே ஆகியிருந்த காலத்தில், ஒரு நடிகைக்கு லட்சம் ரூபா! நாட்டின் வேறெந்த நடிகரும் அத்தொகையை அதுவரை பெற்றிலர் என்பர்.

தொகையைவிட வேடமே நம் கவனத்துக்குரியது. அவர் தாங்கியது நந்தனார் வேடம். ஆடவனோடு நடிப்பதில்லை என்ற உறுதியை அவர் காத்த முறை, தாமே ஆடவனாவது. பெண் ஆண்வேடம் பூணுதல் புதிதன்று. பிரான்சிய நடிகை சாரா பேர்ணார்ட் 1899 இலே ஹாம்லெற்றாக நடித்தார். எனினும் ‘நந்தனார்’ படத்தில் நிகழ்ந்தது வேறு. தாழ்த்தப்பட்ட குலத்து அடியவராகப் பெண்ணொருத்தி நிற்க, அவர்தம் ஆண்டையாகிய வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். கதைப்படி முடிவில் வேதியர் நந்தனார் பெருமையை உணர்ந்து பணிதல் வேண்டும். வித்துவானாகிய அந்தணர் ஒருவர் நடிகையின் முன் பணிவதா என அக்காலத்தில் எழுந்த பேச்சு, கதையிலுள்ள தீண்டாமை கதைக்கு வெளியிலும் உயிரோடிருந்ததைக் காட்டுகின்றது. அந்த வேதியர், சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் இல்லாதவர்; 19 ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் தம் சரித்திரக் கீர்த்தனையிற் புகுத்தியவர். புராணத்திலிருந்து விலகியமை பற்றி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாரதியார் நூலுக்குச் சாற்றுக்கவி அளிக்கத் தயங்கினார் என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. ஆயினும் அவ்வேதியர் இன்றேல் நாடகம் இல்லை.

படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆனந்த விகடனிலே கல்கி, அப்படத்தில் மனிதரைவிட மரங்களும் விலங்குகளும் நன்கு நடித்தன என்னும் கருத்துப்பட எள்ளி எழுதினார். 1942 இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரைக் கொண்டு மீண்டும் எடுத்த ‘நந்தனார்’ மக்கள் நினைவில் முன்னையதை மறைத்துவிட்டது. கல்கியின் நகைச்சுவையில் உண்மை இருந்திருக்கலாம். மேடையில் நின்று பாடிப் பழகியவர்களை ஓட்டுப்படக் கருவியின் முன் நிறுத்தியதுதான் அக்காலத்துப் படம். ஆனால் ஆலயப் பிரவேசம் நாடெங்கும் வாதப் பொருளாயிருந்த நாள்கள் அவை என்பதையும் மறத்தலாகாது. திருவிதாங்கூர் அரசர் ஆணை 1936 இலும், மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939 இலும் நிகழ்ந்தன. கோயில் வாயிலில் நிற்க வைக்கப்பட்டவனின் குரலை, சமூகத்தின் வாயிலில் நிற்க வைக்கப்பட்டவர் பாடினார். நம் குடாநாட்டிலோ 1968 ஆம் ஆண்டிலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடியார் தடுக்கப்பட்டனர். நந்தனார் கதைக்கு உருகிக் கண்ணீர் விட்டவர் அன்று தடுத்தவர் பக்கத்திலும் இருந்திருப்பர்; கலையின் ஆற்றல் குறித்துப் பெரும்பேச்சுப் பேசுவோர் இதனையும் கணக்கில் வைத்தல் நன்று.

அடுத்து வந்தது ‘மணிமேகலை’ (1940). நடிகையர் குலத்திற் பிறந்து, அரசகுமாரனின் காதலை மறுத்து, துறவு பூண்ட பெண்ணின் கதை. வேடத்தேர்வைப் பற்றி மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

பின் நெடிய இடைவெளி. 1953 இலே எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்க, ‘ஔவையார்’ வெளிவந்தது. பல ஆண்டு உழைப்பினதும் பெரும்பொருட் செலவினதும் பயன் அது; யானைப்படை கோட்டையைத் தகர்க்கும் காட்சியை அன்று பேசாதவர் இல்லை. ஆனால் படத்தின் உயிர் யானைகளில் இல்லை. மணவாழ்க்கையிற் சிக்குண்ணாது தப்பும் பொருட்டு, இளமையையும் அழகையும் வாங்கிக்கொண்டு முதுமையைத் தருமாறு பிள்ளையாரை வேண்டிய கன்னியின் கதையல்லவோ ஔவை கதை? திருமணத்தினின்று விடுதலை வேண்டிய பெண்ணுக்குத் தமிழ் மரபு அளித்த ஒரே வழி நரை. மூப்படைந்த பெண் ஊரூராகத் தனியே நடக்கலாம், அரசவையுட் புகலாம், மன்னனை இடித்துரைக்கலாம், ஒருவரும் பழி பேசார். இருபத்தைந்து வயதிலே தம் இளமையைத் தாமே ஒதுக்கி வைத்த சுந்தராம்பாள், நாற்பத்தைந்தில் ஔவையாக வந்து நின்றபோது நடிப்புக்கும் வாழ்க்கைக்கும் இடையே கோடு கிழித்தல் அரிதாயிற்று. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அரிவரியோடு கற்ற நம் பிள்ளைகளுக்கு ஔவைப் பாட்டியின் முகம் அதுவரை ஏட்டிலில்லை. அதன்பின் அவருக்கு முகமும் குரலும் வாய்த்தன. திருநீறு துலங்கும் அந்த நெற்றியை அன்றி வேறொரு முகத்தோடு ஔவையை நினைக்க எம்மால் இன்றும் இயலவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், எழுவதும் முறையே. அவர் வெள்ளை உடுத்த அதே காலத்தில், தமிழகத்திலே சுயமரியாதை இயக்கத்தார் கைம்பெண் மறுமணத்தை வற்புறுத்திக்கொண்டிருந்தனர். புகழ்மிக்க பாடகி ஒருவர் கைம்மைக் கோலத்தைத் தாமே விரும்பிப் பூண்டு அதற்கு ஒளியூட்டியமை, அக்கோலம் பலவந்தமாகச் சுமத்தப்பட்ட ஆயிரமாயிரம் இளம்பெண்களுக்கு உதவியதா, ஊறு செய்ததா? நேர்மையாகக் கூறின், ஊறும் செய்திருத்தல் கூடும். ‘சுந்தராம்பாளைப் பார்’ என்று எத்தனை மாமியர் சொன்னார்களோ! அவர் வென்றது வழக்கத்தை உடைத்தன்று, வழக்கத்துக்குள் புகுந்து அதன் ஆயுதத்தையே கையிலெடுத்து. அத்தகைய வெற்றி எடுத்தவருக்குப் பயன்படும், பின்வருவோருக்கு வழியாகாது. விலையும் சிறிதன்று. 1935 முதல் 1953 வரையுள்ள பதினெட்டு ஆண்டுகளில் முன்சொன்ன மூன்று படங்களே. காதலைப் பாடவல்ல ஒப்பற்ற குரல் ஒன்று, தன் உச்சக் காலத்திலே காதற்பாட்டுப் பாடவில்லை. கிட்டப்பாவோடு அவர் பாடிய நாள்களைக் கேட்டறிந்த முதியோர் இதற்காக ஏங்கியதுண்டு. எனினும், அவரோடு ஒரே காலத்தில் ஒளிவீசிய கதாநாயகியர் பலர் நாற்பது வயதிற்குள் மறக்கப்பட்டனர் என்பதையும் நினைக்க வேண்டும். இளமையை நம்பாதவருக்கு முதுமையால் இழப்பில்லை.

அரசியலில் அவர் காங்கிரஸ்காரர். தேர்தற் கூட்டங்களில் அவர் பாட்டுக்காகவே மக்கள் கூடினர். காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்தில் உணவருந்தியபோது, பரிமாறிய பொற்றட்டையும் தருமாறு கேட்டுப் பெற்று ஏலத்தில் விட்டு நிதியாக்கினார் என ஒரு கதை வழங்குகின்றது. காமராசர் காலத்திலே சென்னை மேலவையின் உறுப்பினரானார். இந்தியச் சட்டமன்றங்களுட் புகுந்த திரைக்கலைஞருள் அவர் மிக முற்பட்டவர். திரையிலிருந்து கோட்டைக்குச் சென்றோர் நிரல் தமிழகத்திலே பின்னர் எவ்வளவு நீண்டது என்பது தெரிந்ததே. அந்நிரலின் தலையில் நிற்பவர் கதாநாயகனல்லர், வெள்ளைச் சேலை உடுத்த பெண் என்பதை அதனை ஆராய்வோர் ஏனோ விரைவிற் கடந்துவிடுகின்றனர்.

கட்சி வேறுபாடு அவர் கலைக்குத் தடையாகவில்லை. 1964 இலே மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகளாக நடித்தார். காங்கிரஸ் அம்மையார் தி. மு. க. எழுத்தாளரின் உரையைப் பேசினார். மீண்டும் துறவி வேடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டிலே ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ அவரைத் திரும்பவும் ஔவையாக்கியது. கனி கிடையாது சினந்து மலையேறிய முருகனைத் தணிக்க வந்த அந்தக் கிழவியின் பாட்டு, படத்தைக் காணாதவர் செவிக்கும் எட்டியது. நம் ஊர்க் கோயில்களின் திருவிழாக் காலத்தில், விடியற்புறத்திலே ஒலிபெருக்கி வழியாக எழும் பாடல்களில் அவர் குரல் இல்லாத நாள் அரிது. ஒரு காலத்திலே மேடைப்பெண் எனத் தள்ளி நிறுத்தப்பட்ட குரல் இன்று கோயில் மதில்மேலிருந்து பூசைக்கு அழைக்கின்றது. ‘கந்தன் கருணை’ (1967), ‘துணைவன்’ (1969) முதலிய படங்கள் தொடர்ந்தன. ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969 ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது அறுபத்தொன்று. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1980 ஆம் ஆண்டு மறைந்தார். இந்த நாற்பத்தேழு ஆண்டும் வெள்ளை மாறவில்லை. பெயருக்கு முன்னுள்ள தாயின் எழுத்தும் மாறவில்லை.